போலோ 1.0 டிஎஸ்ஐ ரீமேப் பண்ணலாமா? காசுக்கு ஏத்த ட்யூனிங் எது, வெட்டிச் செலவு எது?

திருமங்கலத்தான்

அண்ணன்மாருக்கு வணக்கம். என்கிட்ட போலோ 1.0 டிஎஸ்ஐ இருக்கு, 2021 மாடல், 6 கியர் மேனுவல், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, வாரண்டி முடிஞ்சிருச்சு. வேலை விஷயமா நாலுவழிச்சாலைல திருநெல்வேலி வரைக்கும் அடிக்கடி போய்ட்டு வருவேன், லீவு விட்டா வீட்டு ஆளுகளோட கொடைக்கானல், இல்லாட்டி சிறுமலை. வண்டி நல்லாத்தான் ஓடுது, ஆனா ஏசி போட்டு நாலு பேரு உக்காந்திருக்கப்ப ஒரு லாரியத் தாண்டணும்னா மிதிச்சதும் வர்ற இழுவை இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுது, அதுலயும் சித்திரை வைகாசி வெயில்ல வண்டி மந்தமாயிர்ற மாதிரியே இருக்கு.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடைல கேட்டேன், ஸ்டேஜ் 1 ரீமேப் (வேற பார்ட் மாத்தாம இஞ்சின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர மட்டும் திருத்துறது), ஓப்பன் ஃபில்டர், எக்சாஸ்ட் மூணும் சேத்து 85,000 ஆகும், 110 பிஎஸ் வண்டிய 140-க்கு மேல கொண்டுவந்துருவோம்ங்குறாங்க. இன்னொருத்தரு ரீமேப்பெல்லாம் எதுக்கு, 15,000-க்கு ஒரு ட்யூனிங் பாக்ஸ் மாட்டு, வேணாம்னா கழட்டிக்கலாம்ங்குறாரு. எனக்கு ரேஸ் ஓட்டுற ஆசையெல்லாம் கெடையாது, இந்த வண்டிய இன்னும் அஞ்சாறு வருசம் வச்சிருக்கணும். 80,000 வரைக்கும் ஒதுக்கலாம், அதுக்காக முழுசும் செலவழிச்சே ஆகணும்னும் இல்ல. எத மொதல்ல செய்யணும், எதத் தொடவே கூடாது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகை லாகர்

தம்பி, நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமாப் பட்டது அந்த "வெயில்ல மந்தமாயிருது"தான், அதுலருந்தே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கங்க.

மொதல்ல இந்த 140 பிஎஸ் பேச்ச ஒதுக்கி வைங்க. உங்க வண்டியோட 110 பிஎஸ் 5000 ஆர்பிஎம்முக்கு மேல வர்ற கணக்கு. நீங்க லாரியத் தாண்டும்போது முள்ளு 2000-லருந்து 3500-க்குள்ளதான் நிக்கும், அங்க வண்டியத் தள்ளுறது டார்க், அதாவது இஞ்சினோட சுத்துற விசை. கம்பெனி சொல்ற 175 என்எம் 1750-லருந்து 4000 வரைக்கும் ஒரே மட்டமா வரணும். 3000 ஆர்பிஎம்ல 175 என்எம்னா சுமார் 75 பிஎஸ், அதே எடத்துல 205 என்எம் வந்தா 88 பிஎஸ் கிட்ட. உங்களுக்கு வேண்டியது அந்த 13 பிஎஸ்தான். அதனால கடைக்காரர்ட்ட உச்சத்துல எவ்வளவு வரும்னு கேக்காதீங்க, 2500-ல எவ்வளவு ஏறும், 3000-ல எவ்வளவு ஏறும், அத டைனோ (பவர அளக்குற மெஷின்) பேப்பர்ல காட்டுவீங்களான்னு கேளுங்க.

இப்ப வெயில். காத்து 20 டிகிரிலருந்து 40 டிகிரிக்குப் போனா அதோட அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல கொறஞ்சிரும். காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளுற டர்போ இருக்கற வண்டின்னால அது இன்னும் வேகமா சுத்தி அந்தக் கொறைய ஈடுகட்டப் பாக்கும், ஆனா கூட அமுக்குனா காத்து கூட சூடாகும், சூடான காத்தோட கலந்த பெட்ரோலு ப்ளக் முழுசா எரிச்சு முடிக்கிறதுக்குள்ள தானா வெடிக்கப் பாக்கும், அதுதான் நாக்கிங். நாக் சென்சாருக்கு அது கேட்டுச்சுன்னா இஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ உடனே இக்னிஷன் டைமிங்க, அதாவது ப்ளக் பொறி விடுற நேரத்த, பின்னாடி தள்ளிரும், இஞ்சின் தப்பிச்சிரும், ஆனா அதே பெட்ரோலுக்கு இழுவை கொறஞ்சு போகும். நீங்க மந்தம்னு சொல்றது அனேகமா இதுதான். இத வச்சுக்கிட்டே மேல ரீமேப் ஏத்துனா என்னாகும், கடைக்காரர் ஏத்துற சாஃப்ட்வேர் ஃபைல்ல எவ்வளவு டைமிங் எழுதியிருந்தாலும் மதுரை மத்தியான வெயில்ல ஈசியூ அதப் புடுங்கி எடுத்துரும், நீங்க காசு குடுத்தது மார்கழி மாசம் மட்டும் ஓடும்.

அதனால ரீமேப்புக்கு முன்னாடி லாக் எடுங்க, அதாவது வண்டி ஓடும்போது ஈசியூ காட்டுற அளவுகளப் பதிவு பண்ணுங்க. விசிடிஎஸ், ஓபிடி லெவன் மாதிரி ஈசியூவப் படிக்கிற கருவி யார்ட்டயாச்சும் இருக்கும், சாதா ப்ளூடூத் ஓபிடி டாங்கிள்ல எல்லா அளவும் தெரியாது. மூணு சிலிண்டருக்கும் தனித்தனியா டைமிங் ரிடார்ட் (பின்னாடி தள்ளுனது) எவ்வளவு, ஈசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ அமுக்குற காத்தழுத்தம்) எவ்வளவு வந்த பூஸ்ட் எவ்வளவு, சிலிண்டருக்குக் காத்து போற மேனிஃபோல்டுக்குள்ள காத்துச் சூடு எவ்வளவு, இது போதும். பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு அவர் பாக்கட்டும், நீங்க ரோட்டப் பாருங்க. காலைல ஆறு மணிக்கு ஒண்ணு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒண்ணு, அதே ரோடு, அதே மூணாவது கியர், 1800-லருந்து 4500 வரைக்கும். ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வெயில் எவ்வளவு திங்குதுன்னு தெரிஞ்சிரும்.

மூணு சிலிண்டர்ல ஒண்ணு மட்டும் கூட ரிடார்ட் காட்டுனா ப்ளக், காயில் பக்கம் பாருங்க. மூணுமே மத்தியானம் கூட காட்டுனா சூடு, இல்ல பெட்ரோல். இந்த இஞ்சின்ல அமுக்குன காத்தக் குளுத்துற இன்டர்கூலர் பம்பருக்குள்ள இல்ல, இன்டேக் மேனிஃபோல்டுலயே தண்ணியால குளுர்ற மாதிரி வச்சிருக்காங்க, அதுக்குன்னு சின்ன எலக்ட்ரிக் பம்பும் முன்னாடி தனி ரேடியேட்டரும் உண்டு. அந்த ரேடியேட்டர் இடுக்குல பூச்சியும் புழுதியும் அடைச்சிருந்தா, இல்ல அந்த பம்ப் சரியா ஓடலன்னா, வெயில்ல மந்தமாத்தான் இருக்கும். ரேடியேட்டரக் கழுவுறதுக்கு ஆகுற செலவு ரீமேப்போட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. எத்தனையோ பேரு இதப் பாக்காமலே ஸ்டேஜ் 1 போட்டுட்டு வந்து நிக்கிறாங்கங்கறதுதான் எனக்கு வருத்தம்.

பெட்ரோல் விஷயம் தனியா சொல்லணும். நம்ம பிஎஸ்6 சாதா பெட்ரோலுக்கு கொறஞ்சபட்ச ஆக்டேன் 91, 20 சதவீதம் எத்தனால் கலந்தா 95 கிட்ட வருது, எத்தனால் ஆவியாகும்போது சிலிண்டரக் குளுத்தும், அது நாக்கிங்குக்கு நல்லதுதான். ஆனா எத்தனாலுக்கு எரிசக்தி கம்மி, அதே வேலைக்கு கூட ஊத்தணும், ரீமேப் பண்ணா இன்ஜெக்டர் அதுக்கு மேலயும் ஊத்தணும். உங்க மாடலுக்கு எத்தனை சதவீதம் வரைக்கும் ஆகும்னு மேனுவல்லயும் பெட்ரோல் மூடிக்குள்ள ஒட்டியிருக்கதுலயும் பாத்துக்கங்க. எக்ஸ்பி 95, பவர் 99ன்னு வெவ்வேற ஆக்டேன்ல பெட்ரோல் விக்குது, ஆனா நீங்க போற ரூட்ல தினமும் எது கெடைக்குமோ அதுக்குத்தான் ஃபைல் எழுதணும். கோவில்பட்டி தாண்டி ராத்திரி பத்து மணிக்கு டேங்க் காலியாகும்போது எந்த பங்க் தொறந்திருக்கோ அங்கதான போடுவீங்க? ஐரோப்பாக்காரன் அவன் ஊரு பெட்ரோலுக்கும் அவன் ஊரு குளுருக்கும் எழுதுன ரெடிமேட் ஃபைல அப்படியே ஏத்துறவங்ககிட்ட போகாதீங்க, உங்க வண்டில லாக் எடுத்து, திருத்தி, திரும்ப லாக் எடுத்துக் குடுக்குற ஆளாப் பாருங்க.

மேலூர் பட்டறை

அண்ணே அருமையா சொல்லிட்டாரு. நான் பட்டறைக்காரன், கைல பாக்குறத மட்டும் சொல்றேன்.

ஓப்பன் ஃபில்டர் வேண்டவே வேண்டாம் தம்பி. கம்பெனி ஏர் பாக்ஸ் முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காத்த எடுக்குது, நீங்க அதக் கழட்டிட்டு இஞ்சின் பக்கத்துல கூம்பு மாதிரி ஒண்ண மாட்டுனா அது பானட்டுக்குள்ள இருக்கற கொதிக்கிற காத்தத்தான் உறிஞ்சும். உஸ்ஸுன்னு டர்போ சத்தம் கேக்கும், அதக் கேட்டு பிக்கப் கூடிருச்சுன்னு நெனைக்கிறாங்க. இன்னொண்ணு எங்க மேலூர், ஒத்தக்கடைப் பக்கம் கிரானைட் தூசி எப்படின்னு உங்களுக்கே தெரியும், வலை பெருசா இருக்கற ஃபில்டர்ல அது உள்ள போச்சுன்னா டர்போ இறக்கையும் சிலிண்டர் சுவரும் தேயும். கம்பெனி பேப்பர் ஃபில்டர் வாங்கி, புக்குல போட்டிருக்கதுக்கு முன்னாடியே மாத்துங்க, அதான் நம்ம ஊருக்கு.

எக்சாஸ்ட்ல பின்பக்கம் சைலன்சர் மட்டும் மாத்துறது இவ்வளவு சின்ன இஞ்சினுக்கு சத்தம்தான் தரும். டர்போவுக்கு அடுத்து வர்ற டவுன்பைப் குழாய மாத்துனா கொஞ்சம் தெரியும், ஆனா புகையச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர எடுத்துட்டுப் போடுறது சட்டப்படி தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவு 4-ல அனுமதியில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. புகை, சத்தம்னு வந்தா 190 பிரிவு 2 தனி, அதுல 10,000 வரைக்கும் போகும், லைசென்ஸும் மூணு மாசம் முடங்கும். ரீமேப்பையும் இன்சூரன்ஸ்ல சொல்லாம வச்சிருந்து கிளைம் வந்தா சிக்கல்தான், எழுதிக் கேட்டுக்கங்க. அதனால அந்த பேக்கேஜ்ல மூணுல ரெண்டு உங்களுக்கு ஆகாது.

அப்புறம் கிளட்ச். யாரும் இதச் சொல்ல மாட்டேங்குறாங்க. 58,000 ஓடுன கிளட்ச் 175 என்எம்மத் தாங்குறதாலேயே 210-ஐயும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. கப்பலூர் டோல் தாண்டி ரோடு காலியா இருக்கப்ப அஞ்சாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல போய்க்கிட்டே முழுசா மிதிங்க. வேகம் ஏறாம முள்ளு மட்டும் சடார்னு ஏறுச்சுன்னா கிளட்ச் வழுக்குது, ரீமேப் போட்டா கொஞ்ச நாள்ல போய்ரும். கிளட்ச் மாத்துற காச ஒதுக்கி வச்சுட்டு அப்புறம் ரீமேப்பப் பத்தி யோசிங்க. கியர்பாக்ஸும் 200 என்எம் அளவுக்குன்னு வடிவமைச்ச எம்க்யூ200 குடும்பம், அத ரொம்ப மீற வேண்டாம்.

த்ராட்டில் ராசா

ரெண்டு அண்ணனும் சொல்றது சரிதான், ஆனா தம்பி பயந்துறக் கூடாதுன்னு சொல்றேன். நானும் இதே இஞ்சின்தான் வச்சிருக்கேன், மைல்டான ஸ்டேஜ் 1 போட்டு ஓட்டுறேன், வேற எதையும் மாத்தல. வாடிப்பட்டி தாண்டி ஏத்தத்துல ஆறாவது கியர்லயே இழுத்துட்டுப் போகுது, முன்னாடி அஞ்சுக்கு எறக்கணும். காசு குடுத்ததுக்கு மனசார சந்தோசமா இருக்கேன், வண்டிய ஓட்டுற சுகமே வேற. டர்போ பெட்ரோல்ல ஸ்டேஜ் 1 மாதிரி பலன் வேற எதுலயும் இல்ல, இத யாரும் மறுக்க முடியாது. ட்யூனிங் பாக்ஸ் பத்தி மட்டும் எனக்கும் சந்தேகம், அதுவும் பூஸ்ட்டத்தான ஏத்துது, அப்ப ரீமேப்புக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

வைகை லாகர்

ராசா, ஸ்டேஜ் 1 வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல, அது கடைசி படி, மொதப் படி இல்லன்னுதான் சொல்றேன்.

பாக்ஸ் பூஸ்ட் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, இருக்கற அழுத்தத்தக் கொறச்சுச் சொல்லும். ஈசியூ அத நம்பி இன்னும் அமுக்குன்னு டர்போவுக்கு உத்தரவு போடும். ஆக உண்மையில எவ்வளவு காத்து உள்ள வருதுன்னு இஞ்சினோட மூளைக்கே தெரியாது. ரீமேப்புல காத்து, பெட்ரோல், டைமிங், டார்க் எல்லை எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி எழுதலாம், பாக்ஸ்ல அது முடியாது.

கொடைக்கானல் போற ஆளுக்கு இதுல இன்னொரு ஆபத்து இருக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டர் ஒசரம், அங்க காத்தழுத்தம் கீழ இருக்கறதுல முக்காலுக்குக் கொஞ்சம் மேலதான். வத்தலக்குண்டுல கெடைக்கிற அதே பூஸ்ட் மேல பெருமாள்மலைல கெடைக்கணும்னா டர்போ ரொம்ப வேகமா சுத்தணும். கம்பெனிக்காரன் அதுக்குன்னு ஒரு இடைவெளி விட்டு வச்சிருப்பான், எந்த ஒசரத்துல எவ்வளவோட நிறுத்தணும்னு ஈசியூல எழுதியும் வச்சிருப்பான். பொய் சொல்ற பாக்ஸ மாட்டுனா டர்போ அந்த எல்லையத் தாண்டிச் சுத்தும், ஈசியூ பாத்துக்கிட்டே இருக்கும். ரீமேப் எழுதுறவர்ட்டயும் இதக் கேளுங்க, மலைக்குப் போவேன், ஒசரத்துக்கான பூஸ்ட் எல்லைய அப்படியே விட்டுருவீங்களான்னு. முழிச்சாருன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

அதோட கீழ் ஆர்பிஎம்ல ஒரேயடியா டார்க்கக் கொட்டச் சொல்லாதீங்க. 1500-1800-ல ஆறாவது கியர்ல முழுசா மிதிச்சா சின்ன டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ இஞ்சின்ல ப்ளக் நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே வெடிக்கிற ஒரு வியாதி இருக்கு, எல்எஸ்பிஐன்னு சொல்வாங்க, பிஸ்டனையே ஒடச்சிரும், கனெக்டிங் ராடு வளையறதும் இந்த மாதிரி அழுத்தத்துலதான். கூடுதல் டார்க் 2200 வாக்குல மெதுவா ஏறி வந்தாப் போதும். ராசா, நீங்களும் ஏத்தத்துல 2000-க்குக் கீழ எறங்குச்சுன்னா அஞ்சுக்கு மாத்திருங்க, அது வண்டிக்குச் செய்யுற நல்லது. ஆயில் வாங்கும்போது மேனுவல்ல போட்டிருக்க கம்பெனி தரமும் இருக்கணும், கூட ஏபிஐ எஸ்பிங்கற ஆயில் தர முத்திரையும் இருந்தா நல்லது, அந்த எஸ்பி தரத்துக்கான சோதனைல இந்த வியாதியும் ஒண்ணு.

உசிலம்பட்டி ஸ்விஃப்ட்

நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும், டர்போ இல்லாத 1.2 ஸ்விஃப்ட்டுக்கு ரீமேப் பண்ணா ஏதாச்சும் வருமா? பெடல் பாக்ஸ்னு ஒண்ணு 8,000-க்கு விக்கிறாங்களே அது?

மேலூர் பட்டறை

டர்போ இல்லாத இஞ்சின்ல உள்ள போற காத்த கூட்ட வழியில்ல, அதனால ரீமேப்ல நூத்துக்கு அஞ்சு கூடுனாலே பெருசு, சீட்டுல உக்காந்தா தெரியவும் தெரியாது. பெடல் பாக்ஸ் பவரே தராது, நீங்க கால்வாசி மிதிச்சா பாதி மிதிச்சதா ஈசியூட்ட சொல்லும், அவ்வளவுதான். அதுக்குப் பதிலா ஷூவ கொஞ்சம் கூட அமுத்துங்க. காச சர்வீசுக்கும் டயருக்கும் போடுங்க.

அழகர்கோயில் ரோடு

டயர்னு சொன்னதால நானும் வர்றேன். தம்பி, நான் மலைப்பாதைல நெறைய ஓட்டுறவ, சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம். உங்க வண்டி 2021 மாடல்னா டயர் மாத்தலன்னா அதுக்கும் அந்த வயசுதான், பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், மொத ரெண்டு வாரம், பின்ன ரெண்டு வருசம், பாருங்க. நல்ல டயர் நாலு போட்டாலே வளைவுல இருந்து வெளிய வர்றப்ப எவ்வளவு முன்னாடியே மிதிக்க முடியுதுன்னு பாப்பீங்க, அதுவும் பிக்கப்தான்.

பிரேக் ஃப்ளூயிட் எப்ப மாத்துனீங்க? அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஈரம் கூடுனா கொதிநிலை கொறையும், கொடைக்கானல்லருந்து நாலு பேரோட பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குறப்ப கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போய்ரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா டாட் 4 புதுசா மாத்தணும், செலவு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். வீட்டு ஆளுகளோட போறீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, வேகத்தக் கூட்டுறதுக்கு முன்னாடி நிறுத்துறதச் சரி பண்ணுங்கப்பா. ஏறுறதுக்கு எந்த கியரோ எறங்குறதுக்கும் அதே கியர்.

திருமங்கலத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னதப் பாத்துட்டு கீழ எறங்கிப் போய் டயரப் பாத்தேன், 1421ன்னு போட்டிருக்கு, அப்ப வண்டியோட வந்த டயர்தான். பிரேக் ஃப்ளூயிட் பில்லுலயே இல்ல. அதனால மொதல்ல டயர், ஃப்ளூயிட், ப்ளக், ஏர் ஃபில்டர். அப்புறம் ஃப்ரெண்டு ஒருத்தன்ட்ட விசிடிஎஸ் இருக்கு, ரேடியேட்டரக் கழுவுறதுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு லாக் எடுத்து இங்க போடுறேன். மிச்சக் காசு இருந்து கிளட்ச்சும் வழுக்கலன்னா 200 என்எம் வாக்குல மைல்டான ரீமேப். பேக்கேஜும் பாக்ஸும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம், நாளைக்கு சர்வீஸ் சென்டர்ல விட்டா ரீமேப் பண்ணது தெரியுமா? அவங்க சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணா என்னாகும்?

வைகை லாகர்

தெரியும். திரும்ப பழைய ஃபைல ஏத்துனாலும் எத்தன தடவ எழுதியிருக்குங்கற கணக்கு ஈசியூல இருக்கும், ஃபோக்ஸ்வாகன் குழுமத்துல அப்படிக் கண்டுபுடிச்ச வண்டிக்கு டிடி1னு ஒரு குறியே போட்டு வச்சிருவாங்க. வாரண்டி முடிஞ்சதால உங்களுக்கு பெரிய பாதிப்பு இல்ல, ஆனா விக்கும்போது வாங்குறவர்ட்ட மறைக்காம சொல்லிருங்க. அவங்க அப்டேட் பண்ணா ரீமேப் அழிஞ்சிரும், அதனால சர்வீசுக்கு விடும்போதே சாஃப்ட்வேரத் தொட வேண்டாம்னு ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. ரீமேப் போடுற அன்னைக்கு உங்க வண்டிலருந்து மொதல்ல படிச்சு எடுத்த ஒரிஜினல் ஃபைலயும், ஏத்துற புது ஃபைலயும் பென்டிரைவ்ல கேட்டு வாங்கிக்கங்க. டைனோ முன்னும் பின்னும் ஒரே நாள்ல, ஒரே கியர்ல எடுத்ததா இருக்கணும், ரெண்டு பேப்பர்லயும் காத்துச் சூடு எவ்வளவுன்னு அச்சாகியிருக்கணும். லாக் எடுத்ததும் போடுங்க தம்பி, மத்தியானம் எடுத்தத மறக்காமப் போடுங்க, மூணு சிலிண்டரோட எண்ணும் தனித்தனியாத் தெரியணும்.